“இங்கிலீஷில் வீக்” என்றால் எங்கே வீக்? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஆசிரியர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் காதில் விழும் வாக்கியம் இது: “பையன் இங்கிலீஷில் வீக்.” இந்தத் தகவலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஓடாத வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் மெக்கானிக் முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார், அப்புறம் ப்ளக், அதற்கும் அப்புறம்தான் எஞ்சின். நாமோ எடுத்த எடுப்பிலேயே எஞ்சினைப் பிரித்துப்போட்டு, பெயர்ச்சொல்லிலிருந்து இலக்கணத்தை மறுபடி தொடங்கிவிடுகிறோம்.

வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகள் கீழே இருக்கின்றன. அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரு சின்னச் சோதனை உண்டு. 2 நிமிடத்துக்கு மேல் ஆகாது. சோதனையைத் தாண்டித் தீர்வுக்குத் தாவிவிடாதீர்கள். கோளாறு தெரிகிற இடம் ஒன்று, இருக்கிற இடம் வேறொன்று என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடிபட்ட முக்கியமான விஷயம்.

தொடங்கும் முன் இரண்டு வேலை இருக்கிறது. முதலாவது, பிள்ளையைத் தமிழில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுத்துக்கூட்டித் தடுமாறினால் பிரச்சினை ஆங்கிலம் அல்ல, வாசிப்பு. அதைத் தமிழில் சரிசெய்வதுதான் சுலபம், ஏனென்றால் அந்தச் சொற்களின் பொருள் ஏற்கெனவே தெரியும். இரண்டாவது, காதில் விழுந்த தவறு வழுக்கலா, பிழையா என்று பிரித்துக்கொள்ளுங்கள். மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தப் பிரிவினையை முன்வைத்தார். “இன்னொரு தடவை சொல்லு” என்று மட்டும் சொல்லுங்கள். தானே திருத்திக்கொண்டால் வழுக்கல், விட்டுவிடலாம். அதே தவறு அதே இடத்தில் மறுபடி வந்தால், அது அவன் மனத்தில் உள்ள ஒரு விதி. அங்கேதான் கை வைக்க வேண்டும்.

பாடப்புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கிறான். வேறு பக்கம் கொடுத்தால் வாய் அடைத்துவிடுகிறது

சோதனை: அவன் நன்றாக வாசிக்கும் பக்கத்திலேயே நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, “இது என்ன?” என்று கேளுங்கள். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லைப் பிடித்தால் அது வாசிப்பு அல்ல, மனப்பாடம். கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொன்னாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். வகுப்பே சேர்ந்து உரக்கப் படிக்கும் பழக்கம் இருந்தால் இப்படி 10 பேராவது ஒளிந்திருப்பார்கள்.

மனப்பாடம் என்று தெரிந்ததும் ஏ, பி, சி, டி தெரியுமா என்று பார்ப்போம். பளிச்சென்று சொல்வான். அதை நம்பி ஏமாற வேண்டாம். தமிழில் ‘க’ என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே போனால் சொல் தானாக வந்துவிடும்: ப, ட, ம் என்றால் படம். அதே நம்பிக்கையோடு பிள்ளை ஆங்கிலத்துக்கு வருகிறது. அங்கே ‘எச்’ என்ற பெயருக்குள் அந்த எழுத்தின் ஒலியே கிடையாது. ‘டபிள்யூ’ என்று எத்தனை முறை சொன்னாலும் ‘வாட்டர்’ என்பதன் முதல் ஒலி வராது. எச், ஏ, டி என்று கூட்டிச் சொல்லிவிட்டு ‘ஹேட்’ என்கிறோம். இதில் எது எதனால் வந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? முழுச் சொல்லையும் படம் போல மனத்தில் பதித்துக்கொள்கிறான். அவனைப் பொறுத்தவரை அது புத்திசாலித்தனமான வழிதான்.

தீர்வு, பெயர்களை ஒதுக்கி வைத்துவிட்டு ஒலிகளிலிருந்து மறுபடி தொடங்குவது. அகர வரிசையில் போக வேண்டியதில்லை. ஒலிவழி வாசிப்பில் பலரும் எஸ், ஏ, டேபிளின் முதல் எழுத்து, பென்னின் முதல் எழுத்து, ஐ, என் ஆகிய 6 எழுத்துகளில் தொடங்குவார்கள். இந்த ஆறை வைத்துக்கொண்டே சிட், பின், டின், டிப், நேப் என்று முதல் வாரத்திலேயே சொற்கள் கிடைத்துவிடும். ஒவ்வொரு எழுத்தையும் ஒலியாக நீட்டி, நிறுத்தாமல் அடுத்ததோடு ஒட்டச் சொல்லுங்கள். நான் எழுத்துகளைச் சின்ன அட்டைகளில் எழுதி, மேசையில் தள்ளித் தள்ளி வைத்து, ஒலிக்கும்போதே நெருக்கிக்கொண்டு வருவேன். அட்டைகள் ஒட்டும்போது ஒலியும் ஒட்டும். ஆறாம் வகுப்புப் பையனுக்கு இது சிறுபிள்ளை வேலையாகத் தோன்றி வெட்கப்படுவான். அவனைத் தனியாக உட்கார வைத்துச் செய்யுங்கள்.

எல்லாச் சொல்லும் இப்படி ஒட்டாது. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு சுமார் 44 ஒலிகளைச் சமாளிக்கும் மொழி அது. வாஸ், செட், ஒன் போன்ற அடிக்கடி வரும் சொற்களை முழுதாகத்தான் பழக்க வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச் 1936இல் இப்படி அடிக்கடி வரும் 220 சொற்களைப் பட்டியலிட்டார். இன்றும் அது பயன்படுகிறது. “கத்திக்கு ‘நைஃப்’ என்று எழுதும்போது முன்னால் ஒரு கே எதற்கு மிஸ்?” என்று ஒருத்தி கட்டாயம் கேட்பாள். ஒருகாலத்தில் அந்த கே ஒலித்தது என்ற உண்மையையே சொல்லிவிடுங்கள். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடத்தைக் கொண்டுவந்த பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துபோனது. உச்சரிப்பு அதற்குப் பின்னும் மாறிக்கொண்டே இருந்தது. பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும். தப்பு தங்கள் மேல் இல்லை என்று தெரிவதில் ஒரு நிம்மதி.

ஆங்கிலச் சொல்லுக்கு மேல் பென்சிலால் தமிழில் எழுதி வைத்துக்கொள்கிறாள்

இது முந்தைய கோளாறின் அண்ணன் தம்பி. வாசிக்க முடியாததால்தான் எழுதி வைக்கிறாள். அழிக்கச் சொல்லி அதட்டினால் வேறு நோட்டில் எழுதி வைப்பாள். இதில் என்ன கெடுதல் என்று கேட்டால், ‘பேக்’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள். அது முதுகா, பையா, மூட்டை கட்டுவதா, அடுப்பில் வேகவைப்பதா? ஆங்கிலத்தில் இவை நான்கு வெவ்வேறு சொற்கள், நான்கு வெவ்வேறு ஒலிகள். தமிழ் எழுத்தில் எழுதியதும் நான்கும் ஒன்றாகிவிட்டன. இப்படி எழுதிப் படிக்கும் பிள்ளை ஒலிகளைத் தொலைத்துவிட்டுத்தான் படிக்கத் தொடங்குகிறது.

காதுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்பதே இங்கே சோதனை. பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொல்லுங்கள், உங்கள் வாய் தெரியக்கூடாது. பை என்றால் இடது கை, முதுகு என்றால் வலது கை. கலந்து 10 முறை சொல்லுங்கள். 8 சரியாக வந்தால் காது நன்றாக இருக்கிறது, நாக்கைப் பழக்கினால் போதும். 5, 6 தான் வருகிறது என்றால் குத்துமதிப்பாகக் கை தூக்குகிறாள். அந்த நிலையில் “என்னைப் போலவே சொல்லு” என்று 100 முறை சொல்ல வைத்தாலும் பலன் இல்லை. கேட்காத வித்தியாசத்தைச் சொல்ல முடியாது.

நல்ல செய்தி என்னவென்றால் இந்த ஒலிகள் எல்லாம் அவள் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. ‘பம்பரம்’ என்று மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு ‘ப’ இருக்கிறது. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொன்னால், முதல் ‘ப’வில் இல்லாத அதிர்வு இரண்டாவதில் இருப்பது தெரியும். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. அந்த இரண்டாவது ‘ப’வைத் தனியாகப் பிடுங்கி எடுத்துச் சொல்லின் முதலில் வைத்தால் ‘பேக்’ என்ற பையின் முதல் ஒலி வந்துவிட்டது. அதேபோல் ‘அக்கா’வில் வருவது முதுகின் கடைசி ஒலி, ‘தங்கம்’ என்பதில் வருவது பையின் கடைசி ஒலி. நாங்கள் வகுப்பில் “அக்கா க், தங்கம் க்” என்றே பெயர் வைத்துவிட்டோம். இன்னொரு உபாயமும் உண்டு: தங்கம் க்-குக்கு முன்னால் வரும் உயிரொலி கொஞ்சம் நீளும், அக்கா க்-குக்கு முன்னால் சுருங்கும். கேட்பவர் பெரும்பாலும் இந்த நீளத்தை வைத்துத்தான் எந்தச் சொல் என்று பிடிக்கிறார்.

‘இஸ்கூல்’, ‘புக்கு’, ‘பஸ்ஸு’ எல்லாம் இதே குடும்பம்தான். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது, வல்லின மெய்யில் முடியவும் முடியாது. தமிழ்க் காது அந்த இடத்தில் ஓர் உயிரைச் செருகிக்கொள்கிறது. ‘ஸ்ஸ்ஸ்’ என்று பாம்பு போல நீட்ட வைத்து, மூச்சு விடாமல் ‘கூல்’ சேர்க்கச் சொன்னால் ‘இ’ போய்விடும். ஆனால் இதற்காக வகுப்பு நேரத்தை ரொம்பச் செலவழிக்காதீர்கள். ‘புக்கு’ என்றாலும் கேட்பவருக்குப் புரியும். பொருள் மாறும் இடத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். மற்றது உச்சரிப்புச் சாயல், அது யாருக்கும் இருக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. இறந்தகாலத்தில் ‘வாக்கெட்’, ‘லுக்கெட்’ என்று வாசிப்பதைத் திருத்திவிடுங்கள், ஏனென்றால் பிறகு மற்றவர்கள் ‘வாக்ட்’ என்று சொல்லும்போது அது இறந்தகாலம் என்றே இந்தப் பிள்ளையின் காதில் விழாது. ‘ஸ்டார்ட்’, ‘நீட்’ போல டகர ஒலியில் முடியும் வினைகளில் மட்டுமே அந்த விகுதி தனி அசையாக நிற்கும்: ‘ஸ்டார்ட்டட்’, ‘நீடட்’.

கேள்வி கேட்டால் வாயே திறப்பதில்லை

முதலில் புரிகிறதா என்று பாருங்கள், பேச வைக்காமலே. “பச்சைப் புத்தகத்தை எடுத்து ஜன்னல் பக்கத்தில் வை” என்பதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். செய்துவிட்டால் புரிகிறது, வாய்தான் இன்னும் தயாராகவில்லை. புதிய மொழிக்குள் விழுந்த பிள்ளைகள் பலர் சில வாரம், சிலர் சில மாதம்கூடப் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அது கோளாறே அல்ல.

பேச வேண்டிய வயதும் காலமும் வந்த பிறகும் மௌனம் என்றால், கடிகாரத்தை உங்கள் பக்கம் திருப்புங்கள். அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ என்பவர், ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக 1 விநாடிதான் காத்திருக்கிறார் என்று கண்டார். அதை 3 விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடியது. அவர் பார்த்தது தாய்மொழியில் நடந்த அறிவியல் வகுப்புகள். இரண்டாம் மொழியில் பிள்ளை கேள்வியைப் புரிந்துகொண்டு, பதிலைத் தமிழில் நினைத்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, சரியா என்று ஒருமுறை பார்த்து, அப்புறம் வாயைத் திறக்க வேண்டும். 3 விநாடியே போதாது.

நான் தாராளமாகக் காத்திருப்பவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் செல்போனில் என் வகுப்பைப் பதிவு செய்து கேட்டேன். “வாட் டிட் த பாய் சீ?” என்று கேட்கிறேன். உடனே, மூச்சுக்கூட விடாமல், “த பாய் சா எ... எ...?” என்று நானே பாதிப் பதிலைச் சொல்லி, அதற்கும் யாரும் வாய் திறக்காமல், மீதியையும் நானே சொல்லிவிடுகிறேன். 40 நிமிட வகுப்பில் பிள்ளைகளின் குரல் கேட்டது மொத்தம் எவ்வளவு நேரம் என்று எண்ணிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நீங்களும் ஒருமுறை பதிவு செய்து தனியாக உட்கார்ந்து கேளுங்கள்.

காத்திருந்தும் வரவில்லையா? கேள்வியின் உயரத்தைக் குறையுங்கள். “ஏன் அழுதான்?” என்பதற்கு ஒரு முழு வாக்கியத்தைக் கட்ட வேண்டும். “பசியில் அழுதானா, பயத்தில் அழுதானா?” என்று ஆங்கிலத்தில் கேட்டால் பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது, எடுத்துக் கொடுத்தால் போதும். பக்கத்து மாணவனிடம் 1 நிமிடம் பேசிப் பார்த்துவிட்டு வகுப்புக்குச் சொல்லச் சொல்வதும் நன்றாக வேலை செய்கிறது. தனியாக எழுந்து நிற்கச் சொல்வது மட்டும் கடைசியில் வரட்டும்.

‘ஹி டீச்சர்’ என்கிறான். திருத்தினால் ‘ஐ ஆம் கோ’ என்கிறான்

‘அவர் ஆசிரியர்’ என்பது தமிழில் முழுமையான வாக்கியம். இரண்டு பெயர்களைப் பக்கத்தில் வைத்தாலே போதும், நடுவில் வினை வேண்டாம். ‘ஹி டீச்சர்’ என்பது அந்தத் தமிழ் வாக்கியத்தின் நிழல். இது எளிதில் சரியாகும்: இரண்டு அட்டைகளுக்கு நடுவே கொக்கி படம் போட்ட மூன்றாவது அட்டையை வைத்து, “ஆங்கிலத்தில் கொக்கி இல்லாமல் ஒட்டாது” என்று ஒரு வாரம் விளையாடினால் பழகிவிடும்.

‘ஐ ஆம் கோ’தான் சுவாரசியமான கேஸ். இது தமிழிலிருந்து வந்ததல்ல, நாம் செய்தது. முதல் ஆண்டில் “ஐ ஆம் கண்ணன், ஐ ஆம் டென் இயர்ஸ் ஓல்ட்” என்று பாடிப் பாடி, ‘ஐஆம்’ என்பதையே ‘நான்’ என்ற ஒரே சொல்லாகப் பதிய வைத்துவிட்டோம். ஆனால் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: கொக்கிப் பாடம் அளவுக்கு மீறி வேலை செய்து, எல்லா வாக்கியத்துக்கும் கொக்கி வேண்டும் என்று அவன் முடிவு செய்திருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க எழுவாயை மாற்றிக் கேளுங்கள். “நாங்கள் தினமும் பள்ளிக்குப் போகிறோம்” என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

‘வி கோ’ என்றால் ‘ஐஆம்’ ஒட்டிக்கொண்ட கேஸ். ‘ஐ’யைத் தனியாகப் பிரித்தெடுக்கும் பயிற்சி போதும்: ஐ ரன், ஐ ஜம்ப், ஐ ஸ்லீப் என்று செய்கையோடு. ‘வி ஆர் கோ’ என்றால் விதியே தப்பாக உட்கார்ந்திருக்கிறது. இவனுக்கு ‘ஓடுகிற’ சொற்களையும் ‘இருக்கிற’ சொற்களையும் இரண்டு பெட்டியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். வெளியே தெரிவது ஒரே ‘ஐ ஆம் கோ’, வைத்தியம் இரண்டு. சோதிக்காமல் மருந்து கொடுத்தால் பாதிப் பேருக்கு அது வேறு நோயின் மருந்தாகிவிடும்.

‘ஐ டிடின்ட் வென்ட்’

முதலில் சந்தோஷப்படுங்கள். இறந்தகாலம் என்று ஒன்று உண்டு என்பதும் ‘கோ’வின் இறந்தகாலம் ‘வென்ட்’ என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. காலத்தை இரண்டு இடத்தில் குறித்துவிட்டான், அவ்வளவுதான்.

இங்கே தமிழ் நம் பக்கம் நிற்கிறது. பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. கரும்பலகையில் எழுதுங்கள்: போனேன் / போகவில்லை. வந்தேன் / வரவில்லை. ‘போனவில்லை’ என்று யாராவது சொல்வார்களா? வகுப்பே சிரிக்கும். இல்லை என்று சொன்னதும் ‘போன’ திரும்பி ‘போக’ ஆகிவிட்டது, இல்லையா? அதையேதான் ஆங்கிலமும் செய்கிறது: வென்ட் / டிடின்ட் கோ. கேம் / டிடின்ட் கம். பத்துப் பக்கப் பயிற்சித் தாள் செய்யாததை அந்த ஒரு சிரிப்பு செய்துவிடும்.

கேள்வி வாக்கியத்தில் மட்டும் தமிழ் காலை வாரும். ‘போனாயா?’ என்பதில் இறந்தகாலம் அப்படியே நிற்பதால் ‘டிட் யூ வென்ட்?’ இன்னும் கொஞ்ச நாள் வந்துகொண்டுதான் இருக்கும். எதிர்மறை உறுதியானதும் அதைக் காட்டியே இதைத் திருத்தலாம்.

‘ஷி கோ’, ‘மை மதர் வொர்க்’: வினையின் கடைசி எஸ் வருவதே இல்லை

எல்லா ஆண்டும் முதல் வாரத்திலேயே நாம் கற்பிக்கும் விதி. எல்லா ஆண்டும் கடைசி வாரம் வரை வராத விதி. ஹைடி டுலேயும் மரினா பர்ட்டும் ஸ்பானிஷ், சீனம் பேசும் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பதை ஆராய்ந்து 1974இல் வெளியிட்டார்கள். வெவ்வேறு தாய்மொழிக்காரர்களாக இருந்தும் பிள்ளைகள் இந்தச் சின்ன விகுதிகளைக் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் பிடித்தார்கள். ‘கோயிங்’கில் உள்ள ‘இங்’ சீக்கிரம் வருகிறது. இந்த எஸ் கடைசிக் கூட்டத்தில் வருகிறது. விதி தெரிந்திருந்தாலும் பேச்சில் வரத் தாமதமாகும்.

ஆகவே இதற்கு வைத்தியம் பொறுமை. எழுத்தில், அதுவும் எழுதி முடித்த பிறகு, “எஸ் வேட்டை” என்று 2 நிமிடம் கொடுத்து அவர்களே தேடிச் சேர்க்கட்டும். பேச்சில் கண்டுகொள்ளாதீர்கள்.

எத்தனை முறை திருத்தினாலும் அதே தவறு

ஒரு வகுப்பில் இப்படி நடந்தது:

“எஸ்டர்டே ஐ கோ டு மை அங்கிள் ஹவுஸ், மிஸ்.”

“ஓ, யூ வென்ட் டு யுவர் அங்கிள்ஸ் ஹவுஸ்?”

“யெஸ் மிஸ். ஐ கோ பை பஸ்.”

ஆசிரியை திருத்தினார். பிள்ளைக்கோ தன்னை யாரோ திருத்தினார்கள் என்றே தெரியாது. மிஸ் தன் பயணத்தைப் பற்றி ஆர்வமாக விசாரிக்கிறார் என்று நினைத்துச் சந்தோஷமாகத் தொடர்ந்தாள். ராய் லிஸ்டரும் லெய்லா ராண்டாவும் கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளைப் பார்த்து 1997இல் எழுதியதும் இதைத்தான்: ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கும் மேல் இப்படிச் சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்லும் வகை, மாணவர் தன்னைத் திருத்திக்கொள்வது மிகக் குறைவாக இருந்ததும் அந்த வகையில்தான்.

மாற்றுவழி, விடையைக் கொடுக்காமல் இடத்தைக் காட்டுவது. “எஸ்டர்டே ஐ...” என்று நிறுத்திவிட்டு, கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டுங்கள். அது இறந்தகாலத்துக்கான சைகை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டால் போதும். அவள் யோசிப்பாள், ‘வென்ட்’ என்பாள். அந்தச் சொல்லை அவள் வாய் உருவாக்கியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தெரியவே தெரியாத சொல்லாக இருந்தால் மட்டும் நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.

ஒரு வாரத்துக்கு ஒரு பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரை நோட்டு முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடும். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம்.

கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதுகிறாள்; பாடம் புரியவில்லை என்கிறாள்

இதைப் படியுங்கள்: “கிம்மன் நேற்று மாலை சோப்பத்தில் இரண்டு துளவிகளைப் பிட்டினான்.” இப்போது கேள்விகள். துளவிகளைப் பிட்டியது யார்? எங்கே பிட்டினான்? எத்தனை துளவிகளை?

மூன்றுக்கு மூன்று வாங்கியிருப்பீர்கள். துளவி என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது. பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இப்படித்தான் அமைந்திருக்கின்றன. கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதினால் முழு மதிப்பெண்.

சோதனைக்குப் பத்தியில் நேரடியாக இல்லாத ஒன்றைக் கேளுங்கள்: “அடுத்து என்ன செய்திருப்பான்?”, “படம் வரைந்து காட்டு”, அல்லது “தமிழில் உன் தம்பிக்குச் சொல்வதாகச் சொல்லு.” தமிழில் பதில் சொல்ல விடுவது பாவம் அல்ல. நாம் சோதிப்பது புரிந்ததா என்பதை.

புரியவில்லை என்று உறுதியானால் சொற்களை எண்ணுங்கள். யார் துணையும் இல்லாமல் ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் போன்ற சொல்வள ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. அதாவது 50 சொல்லுக்கு ஒரு சொல் தெரியாமல் இருக்கலாம். பிள்ளையிடம் 100 சொல் உள்ள ஒரு பக்கத்தைக் கொடுத்து, தெரியாத சொல்லுக்கெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். 2 விரல் என்றால் தானே படிக்கட்டும். ஒரு கை முழுக்க மடங்கினால் உங்கள் துணையோடு. இரண்டு கையும் மடங்கினால் அந்தப் புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு படி கீழே இருக்கும் புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள். பாடப்புத்தகமே இரண்டு கையை மடக்க வைக்கிறது என்றால், பாடம் தொடங்கும் முன் அதன் கதையைத் தமிழில் சொல்லிவிட்டுத் தொடங்குவதில் தவறே இல்லை.

திங்கள் படித்த 10 சொல்லும் வெள்ளிக்கிழமை காணோம்

நினைவு எவ்வளவு வேகமாக வடிகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885லேயே தன்னையே சோதித்து அளந்து எழுதிவிட்டார். நாம் இன்னும் திங்கள் கொடுத்து, செவ்வாய் டிக்டேஷன் வைத்து, புதன் மறந்துவிடுகிறோம். அதே 10 சொல்லை மறுநாள், 3 நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் போதும், ஆனால் புத்தகம் மூடியிருக்க வேண்டும். பார்த்துப் படிப்பது சோதனை அல்ல. எதிர்ச்சொற்களை ஒரே நாளில் ஜோடியாகக் கொடுப்பதையும் நிறுத்துங்கள். லெஃப்ட், ரைட் இரண்டும் சேர்ந்து வந்தால் இது எது, அது எது என்ற குழப்பம் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஒன்று நன்றாக ஊறிய பிறகு மற்றது வரட்டும்.

பேச்சு நன்றாக இருக்கிறது. அறிவியல் தேர்வில் ஆங்கிலத்தில் எழுத முடியவில்லை

இது சோம்பேறித்தனம் இல்லை. பேச்சு ஆங்கிலம் கைவர ஏறத்தாழ 2 ஆண்டு போதும், பாடத்துக்கு வேண்டிய ஆங்கிலத்தில் வகுப்புத் தோழர்களை எட்டிப் பிடிக்க 5 முதல் 7 ஆண்டு ஆகும் என்பது கனடாவின் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் காட்டிய வேறுபாடு. குடியேறிய பிள்ளைகளை வைத்து அவர் அதைச் சொன்னார். ஆங்கிலம் வகுப்பறைக்குள் மட்டுமே கேட்கும் பிள்ளைக்கு இன்னும் கூடுதலாக ஆகலாம். அறிவியல் ஆசிரியரோடு உட்கார்ந்து, ‘பிகாஸ்’, ‘தேர்ஃபோர்’, ‘இன்க்ரீசஸ்’, ‘கம்பேர்டு டு’ மாதிரி வாக்கியங்களை இணைக்கும் சொற்களை ஒரு பட்டியலாக எடுங்கள். பாடத்தின் கலைச்சொற்களை எல்லோரும் கற்பிக்கிறார்கள். இந்த ஆணிகளை யாரும் கற்பிப்பதில்லை.

மேலே சொன்ன எதிலும் அடங்கவில்லை

பலகையில் எழுதியதைத் தப்பும் தவறுமாக நோட்டில் இறக்கும் பையன் ஒருவன் எனக்கு இருந்தான். ‘ஹவுஸ்’ ‘ஹார்ஸ்’ ஆகும், ‘கிளாக்’கில் ஓர் எழுத்து குறையும். அட்டை விளையாட்டு, ஒலிப் பயிற்சி, மாலையில் தனி வகுப்பு என்று ஒரு பருவம் முழுக்க அவனோடு மல்லுக்கட்டினேன். தேர்வுக்கு இடம் மாற்றியபோது தற்செயலாக முதல் பெஞ்சில் உட்கார்ந்தான். அன்று பலகையிலிருந்து எழுதியதில் ஒரு தவறுகூட இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து அவனுக்குப் பலகையே சரியாகத் தெரியவில்லை. சொல்லவும் தெரியவில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருக்கிறான். அதிலிருந்து, இந்த வழிமுறையில் எதைத் தொடங்கும் முன்பும் பிள்ளையை ஒரு வாரம் முதல் பெஞ்சில் உட்கார வைத்துப் பார்த்துவிடுகிறேன். காதுக்கும் அப்படியே: பின்னால் நின்று மெல்லிய குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன், தமிழில்.